வருவிருந்தும் மனைவிதியும்

அடியாரை வழிபடுதல் திருவருட் பேற்றுக்குரிய நெறிகளுள் தலைசிறந்தது என்பது சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததே. சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களுள் இறுதியில் நிற்பது, மலங் கழுவிய உயிரும் மெய்யன்பரோடு கூடியிருந்து, அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கொண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. இவ்வுண்மை மன்றத்தில் எடுத்துரைத்தற்கு எளிது. தன் வீட்டு வாயிலிற் கடைப்பிடித்தற்கோ மிக அரிது. அவ்வருமை ஓர் அன்பர்க்கு எவ்வாறு புலனாயிற்று என்பதும், அதனால் அவர் தம் இல்லத்து விதிகளை எவ்வாறு திருத்திக்கொண்டார் என்பதும் ஈண்டு உரைக்கப்படும்.

அவ்வன்பர் திருவண்ணாமலையிற் கிரிவல வழியை அடுத்த தெருவொன்றில் வாழ்பவர். பள்ளியாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் திருமுறை ஓதுபவர். உள்ளூர்ச் சைவ மன்றத்தில் திங்கள்தோறும் பெரியபுராணம் விரித்துரைப்பவர். மக்கள் வேற்றூர்களிற் குடியேறிய பின், தந்தையார் வைத்துச் சென்ற வீட்டின் முன்கட்டு வறிதே கிடந்தது. 2019-ஆம் ஆண்டில் அதனைச் செப்பஞ்செய்து, இரண்டு அறையும் ஒரு சிறு அடுக்களையும் உடையதாக்கி, மலைவலம் வரும் அன்பர்கள் ஓரிரு நாள் தங்கிச் செல்லும்படி நாள்வாடகைக்கு விடலானார். தாமும் மனைவியாரும் பின்கட்டில் இருந்தனர். வருவோர் இணையத்தின் வாயிலாக முன்னரே இடம் உறுதி செய்துகொண்டு வருவர். 2020-இற் பெருந்தொற்றினாற் கிரிவலம் தடைப்பட்டமையின் வீடும் பூட்டிக்கிடந்தது. 2022-இல் வழி மீண்டும் திறக்கவே, முன்னையினும் மிகுதியாக அன்பர்கள் வரலாயினர்.

திருவண்ணாமலையின் இயல்பு அறியாதார்க்கு ஒன்று சொல்லவேண்டும். மலையைச் சுற்றிய வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அவ்வழியில் இந்திரலிங்கம் முதல் ஈசானலிங்கம் ஈறாக எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் உள்ளன. பகல் வெயிலில் தார்ச்சாலை காலைச் சுடுமாதலின், வெறுங்காலோடு நடப்போர் பெரும்பாலும் இரவையே விரும்புவர். பௌர்ணமி இரவில் இலக்கக் கணக்கான மக்கள் விடியுமளவும் நடந்தவண்ணம் இருப்பர். இளையோர் நான்கு அல்லது ஐந்து மணி நேரத்திற் சுற்றி வருவர். முதியோர்க்கு எத்துணை நேரம் ஆகும் என்று வரையறுத்தல் ஆகாது. பிற ஊர்களில் இரவு உறங்கும் பொழுது. இவ்வூரிற் பௌர்ணமி இரவு வழிபாட்டுப் பொழுது. இவ்வியல்பை மனத்திற்கொள்க, பின்னர் நிகழ்ந்தது அதனால் விளங்கும்.

தொடக்கத்தில் அவ்வன்பர் விதியென ஒன்றும் வைத்திலர். வருவோர் அடியார், அடியார்க்கு விதி எதற்கு என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் ஓராண்டும் நிலைக்கவில்லை. அறுவர் என்று சொல்லி இடம் பெற்றவர் பதினைவராய் வந்திறங்கினர். மேல்தொட்டி நீர் முற்பகலிலேயே தீர்ந்தது. ஒருவர் சன்னலின் அருகே நெய்விளக்கு ஏற்றிவைத்து விட்டுக் கோயிலுக்குச் செல்லத் திரைச்சீலை கருகியது. அண்டை வீட்டார் புகை கண்டு கூவினமையின் வீடு தப்பியது. புதுச்சுண்ணாம்பு பூசிய சுவரெங்கும் நீறும் குங்குமமும் தேய்த்த கைச்சுவடுகள். வேறு சிலர் மலைவலத்தின் பேரால் வந்து மதுவருந்தி நள்ளிரவில் ஆரவாரித்தனர். அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயிற் கிடக்கும் மூதாட்டியும் இருந்தமையால், அவ்வீட்டார் வந்து முறையிட்டனர். அன்பர் மனம் கசந்தது. விருந்தோம்பல் என்பது ஏமாறுதலின் வேறு பெயரோ என்று மனைவியாரிடம் வெகுண்டு கூறினார்.

அக்கசப்பின் பயனாகப் பிறந்ததே அவர்தம் முதல் விதித்தாள். மலைநாட்டுக் கோடை விடுதி ஒன்றிற் கண்ட தாளை முன்மாதிரியாகக் கொண்டு, இருபத்திரண்டு விதிகள் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டு வாயிலின் உட்புறத்தே மாட்டினார். இருபத்திரண்டும் ‘கூடாது’ என்ற ஒரே சொல்லில் முடிந்தன. பின்கட்டுக்குள் வருதல் கூடாது; இரவு 10 மணிக்கு மேல் வெளியிலிருந்து வருதல் கூடாது; அந்நேரத்தில் அழைப்புமணியை அடித்தல் கூடாது; சாவியைக் கேட்டல் கூடாது. இவ்வாறு அத்தாள் நீண்டது. விதிகள் வந்தபின் தொல்லையும் குறைந்தது. அன்பர் இரவில் அமைதியாக உறங்கினார்; தம் கைப்பேசியின் ஒலியையும் அடக்கி வைத்தே உறங்கினார்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 15-ஆம் நாள் ஐப்பசிப் பௌர்ணமி. சிவாலயங்கள் தோறும் இறைவன் திருமேனி அன்னத்தால் மூடப்பெறும் அன்னாபிடேக நாள். அன்று முதிய கணவன் மனைவியர் இருவர் அவ்வீட்டில் வந்து தங்கினர். மூதாட்டியார் நீரிழிவு நோயுடையவர். இரவுணவுக்கு முன் இன்சுலின் ஊசி இட்டுக்கொள்ளும் கட்டாயம் உடையவர். முன்கட்டிற் குளிர்சாதனப் பெட்டி இல்லாமையால், மருந்தைப் பின்கட்டுப் பெட்டியில் வைத்தருளும்படி பெரியவர் வேண்டினார். அன்பரும் வாங்கி வைத்தார். கோயிலில் அன்னாபிடேகம் கண்டு, மாலையில் இருவரும் மலைவலம் புறப்பட்டனர். பத்து மணிக்குள் மீண்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கூட்டம் மிகுந்தது, பெரியவரின் உள்ளங்கால் கொப்புளித்தது, இடையிடையே அமர்ந்து அமர்ந்து நடந்தனர். வீட்டு வாயிலை அடைந்தபோது மணி ஒன்றைக் கடந்திருந்தது.

கதவு அடைத்திருந்தது. பெரியவர் கைப்பேசியில் இருமுறை அழைத்தார், மறுமொழி இல்லை. மணியை அடிக்கக் கை நீட்டியவர், காலையிற் படித்த விதியை நினைந்து கையை மடக்கிக்கொண்டார். தூறல் விழத் தொடங்கியது. இருவரும் தெருத்திண்ணையின் ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்தனர். மருந்து உள்ளே இருந்தது. மருந்துக்கு உரியவர் வெளியே இருந்தார்.

வைகறையிற் கோலமிடக் கதவு திறந்த மனைவியார், நனைந்த புடைவையோடு நாவறண்டு தலைசாய்ந்து கிடந்த மூதாட்டியாரைக் கண்டு அலறினார். அன்பர் ஓடிவந்தார். உடனே வண்டி வருவித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உரிய நேரத்தில் மருந்தும் உணவும் இன்றி, நடையாலும் ஈரத்தாலும் உடல் மிகத் தளர்ந்தது என்றும், இன்னும் சிறிது தாழ்த்திருந்தால் இடர் பெரிதாகியிருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். மறுநாள் மாலைக்குள் அம்மூதாட்டியார் தெளிவு பெற்றது திருவருளின் செயலே.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அன்பர் பெரியவரின் கைகளைப் பற்றிக்கொண்டு, “ஐயா, ஒருமுறை மணியை அடித்திருக்கலாகாதா?” என்று தழுதழுத்தார். பெரியவர் சினந்திலர். “தாங்கள் எழுதி வைத்த நேரத்தைக் கடந்து வந்தது எங்கள் பிழைதானே, ஐயா. எழுதியதை மீறி உங்களை எழுப்புவது முறையன்று என்று இருந்துவிட்டோம்” என்றார். தம்மை வைதிருந்தால் அன்பர் ஒருவாறு ஆறியிருப்பார். பிழையைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட அச்சொல் அவர் நெஞ்சைச் சுட்டது.

வீடு திரும்பியபின் மனைவியார் ஒன்றே கேட்டார்: “மன்றத்தில் இளையான்குடி மாறனார் கதையைச் சொல்லி அழவைக்கிறீர்களே, அவர் வீட்டுக் கதவிலும் இப்படி ஒரு தாள் மாட்டியிருந்ததா?” அன்பர் விடை கூறிலர். சட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நெடுநேரம் அதனெதிரே அமர்ந்திருந்தார்.

மாறனார் வரலாறு யாவரும் அறிந்தது. வறுமை முற்றிய காலத்தில், மழை பொழியும் இரவில், பசியோடு கதவடைத்துக் கிடந்த அவர், வாயிலில் ஓர் அடியார் வந்த அளவிலே திறந்து உள்ளே அழைத்தார். நனைந்த மேனியைத் துடைத்து இருக்கை தந்தார். அன்று பகல் விதைத்த நெல்லை இருளிலே சென்று வாரிக்கொணர்ந்தார். விறகின்மையாற் கூரையின் மரத்தையே அறுத்துத் தந்தார். கதவை அவரும் அடைத்தே இருந்தார் என்பது ஈண்டு கருதத்தக்கது. கதவு அடைத்தல் குற்றமன்று. அடைத்த கதவுக்குப் பின்னே செவி விழித்திருந்ததா என்பதே வினா. மாறனார் செவி விழித்திருந்தது. அன்பர் தம் செவியையும் அடைத்துவிட்டே உறங்கினார்.

அன்பரை இதனினும் மிக வருத்தியது அமர்நீதி நாயனார் வரலாறு. பழையாறையில் வணிகராய்த் தோன்றித் திருநல்லூரில் அடியார்க்கு மடம் அமைத்த அப்பெரியார்பால், இறைவன் பிரமசாரி வடிவில் வந்து கோவணம் ஒன்றைக் காக்கும்படி கொடுத்துச் சென்றனன். அது காணாமற்போகவே, ஈடாகத் தம் பொருள் அனைத்தையும், முடிவில் மனைவி மைந்தரோடு தம்மையும் தராசில் இட்டார் நாயனார். கிழிந்த துணியன்றோ என்று அவர் இகழ்ந்திலர். விருந்தினன் கையிலிருந்து வாங்கிய பொருள், வாங்கிய நொடியிலேயே வாங்கியவனைக் கட்டும் என்பது அவ்வரலாற்றின் ஒரு கருத்து. ஈண்டோ, ஓர் உயிர்க்குரிய மருந்தை வாங்கி வைத்தவர், அது வேண்டப்படும் பொழுதை வினவாமலே கதவடைத்தார். இருபத்திரண்டு விதிகளுள் விருந்தினரைக் கட்டுவன இருபத்திரண்டு. தம்மைக் கட்டுவது ஒன்றும் இல்லை என்பதனை அன்பர் அப்போதுதான் கண்டார்.

பழங்காலத்துச் சத்திரங்கள் எவ்விதியால் நடந்தன என்று அறிய விரும்பி அவர் நூல்களைத் தேடலானார். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேச்சுர யாத்திரைக்குரிய பெருவழியிற் பல சத்திரங்களை நிறுவியிருந்தனர். 1799-இல் நாட்டின் ஆட்சி ஆங்கிலேயர்பாற் சென்றபின், அச்சத்திரங்களின் அறம் குன்றாது நடைபெற வேண்டும் என்னும் கவலையால், இரண்டாம் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கு வழங்கிய முறை அக்கடிதத்தில் விளங்குகின்றது. வழிச்செல்வோர் எந்தக் குலத்தவராயினும் உணவு பெறுவர். சமைத்த சோறு கொள்ளாதார் அரிசியும் பிற பண்டமும் பெறுவர். நோயுற்றார்க்கு மருத்துவரும் மருந்தும் உண்டு. அங்கேயே இறந்தார்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் உண்டு. இவை யாவற்றினும் அன்பரின் கண்ணில் நீர் பெருக்கியது ஒன்று: நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதார் எவரேனும் உளராயின் வந்து உண்க என்று அழைக்கும் வழக்கம்.

தம் விதித்தாளோ இரவில் மணியடித்தலை விலக்கியது. சத்திரத்து விதியோ நள்ளிரவில் மணியடித்தலைக் கட்டாயமாக்கியது. முன்னது விருந்தினன் கையைத் தடுத்தது. பின்னது விருந்தளிப்போன் கையை ஏவியது. 1817-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் எழுந்த 7-ஆம் ஒழுங்குவிதியும், கோயில் சத்திரம் முதலிய அறங்களுக்கு உரிய வருவாய் அவ்வறங்களுக்கே செலவாதலைக் காக்க எழுந்தது. அதுவும் நடத்துவோரைக் கட்டுவதே. அறத்தின் பேரால் ஒரு வாயிலைத் திறந்தவனுக்கே முதல் விதி உரியது என்பது பெரியோர் கொண்ட முறையாகும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். சத்திரம் விலைகொள்ளாத அறம். அன்பரோ வாடகை பெறுகின்றவர். நாயன்மார் செயலையும் சத்திரத்து வழக்கையும் வாடகை வீட்டுக்கு அளவுகோலாக்குதல் பொருந்துமோ எனின், பொருந்தும். வாடகை பெறுதல் வாணிகம். அதனை விருந்தோம்பல் என்று பெயரிட்டு மயங்குதல் தகாது. ஆயினும், கொடுத்த பணம் கூரைக்கும் நீருக்கும் படுக்கைக்கும் உரிய விலையாகுமேயன்றி இன்முகத்துக்கு விலையாகாது. அமர்நீதியாரும் வணிகரே. வாணிகத்துக்கு உயிர் நடுவுநிலைமை. பெறுவோன் கட்டுப்படுவதுபோலத் தருவோனும் கட்டுப்படுதலே நடுவுநிலைமை. ஆதலின், வாடகை பெறுவார்க்கு இக்கடமை கூடுமேயன்றிக் குறையாது.

பின்னர் அன்பர் விதிகளைப் புதிதாக எழுதினார். ஒவ்வொரு விதியையும் மூன்று வினாக்களால் ஆராய்ந்தார். இவ்விதி யாரைக் காக்கின்றது? இது விருந்தினர்க்குப் பணம் வாங்குமுன் சொல்லப்படுவதோ, வந்து இறங்கியபின் காட்டப்படுவதோ? இதற்கு எதிராகத் தாம் செய்யும் கடமை யாது? இம்மூன்றற்கும் விடை கூறமாட்டாத விதிகளை நீக்கினார். இருபத்திரண்டு ஒன்பதாகச் சுருங்கின.

முதலாவது, தங்குவோர் தொகையும் வாடகையும் பற்றியது. அறுவர்க்குமேல் தங்கின் தொட்டி நீர் போதாது என்னும் காரணத்தோடே அத்தொகை சொல்லப்பட்டது. ஒருமுறை உறுதி செய்த வாடகையைக் கார்த்திகைத் தீபத்தின் நெருக்கம் நோக்கி ஏற்றுவதில்லை என்று தம்மையும் கட்டிக்கொண்டார். இரண்டாவது விளக்குப் பற்றியது. விளக்கைப் பூசை மாடத்திற் பித்தளைத் தட்டின்மேல் மட்டுமே ஏற்றுக. வெளியே செல்லுங்கால் அமர்த்திச் செல்க என்பது விதி. மாடமும் தட்டும் நெய்யும் திரியும் வைப்பது தம் கடன். மூன்றாவது ஓசை பற்றியது. இரவு 10 மணி முதற் காலை 5 மணி வரை உரத்த பேச்சும் பாட்டும் தவிர்க்க. அடுத்த வீட்டிற் படிக்கும் பிள்ளையும் நோயாளரும் உளர் என்று காரணமும் எழுதினார். ‘கூடாது’ என்ற சொல்லைக் கண்டு முகஞ்சுளித்தோரும், காரணம் கண்டபின் குரல் தாழ்த்திப் பேசினர் என்பது அவர் பின்னர்க் கண்ட உண்மை.

நான்காவது விதியே அனைத்தினும் பெரிது. வாயிற் சாவி ஒன்று விருந்தினர் கையிற் கொடுக்கப்படும். அதனை மறந்தாரும் எந்த நேரத்திலும் மணியை அடிக்கலாம். வீட்டுக்காரர் எழுந்து திறப்பார். பௌர்ணமி இரவில் அன்பரின் கைப்பேசி ஒலி அடக்கப்படுவதில்லை. கடைசி விருந்தினர் திரும்புமளவும் திண்ணை விளக்கு எரியும். ஐந்தாவது, காக்கும்படி தந்த பொருள் பற்றியது. மருந்தோ நகையோ வாங்குமுன் அதனைக் குறிப்பேட்டில் எழுதி, வேண்டும் பொழுதையும் வினவி எழுதுவார். மலைவலம் புறப்படுமுன் மருந்தை நினைவூட்டித் தருவார். இதற்கென முன்கட்டில் ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டியும் வாங்கிவைத்தார். இவ்விதி முழுதும் அவர்க்கே உரியது.

ஆறாவது, மதுவும் புகையும் புலாலும் அவ்வீட்டில் இல்லை என்பது. இது சிறிதும் தளரவில்லை. ஆயின் அதனை இடம் உறுதி செய்யுமுன்னரே சொல்லிவிடுவார். உடன்படாதாரை இகழாது, வேறிடம் காட்டி அனுப்புவார். ஏழாவது, அரசின் சட்டம் பற்றியது. தங்குவோர் பெயரும் அடையாளச் சான்றும் பதியப்படும். வெளிநாட்டார் வரின் 24 மணி நேரத்துள் உரிய அலுவலகத்துக்கு அறிவிக்கப்படும். அவ்வூர்க்குப் பிற நாட்டார் பலர் வருவராதலின், இதனை ஐயத்தின் குறியாக எண்ணற்க என்று முன்னரே விளக்குவார். எட்டாவது, குப்பை பற்றியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டவை. அவற்றைக் கிரிவல வழியில் எறியாதிருத்தற்குத் துணையாகத் துணிப்பையும் நீர்ச்செம்பும் அறையிலேயே வைத்தார். ஒன்பதாவது, புறப்படும் நேரம் பகல் 11 மணி என்பதும், நோயோ மழையோ வழித்தடையோ நேரின் அந்நேரம் இல்லை என்பதும்.

இவ்வொன்பதின் கீழே, விருந்தினர் படிக்கவன்றித் தாம் படிக்க என்று ஒரு வரி எழுதினார்: வருவோரிடம் தொகையை வினவுக; சாதியை வினவற்க. அன்னாபிடேக நாளில் திண்ணையில் நனைந்த இருவரின் குலம் யாதென்று வைகறையில் எவர் வினவினார்? அவர் நெற்றியில் இருந்தது திருநீறு. மேனியில் இருந்தது நடுக்கம். திருவேடத்தைச் சிவனெனக் கொள்க என்ற ஆணைக்கும், அவ்வேடம் தாங்கியவனை வாயிலில் நிறுத்திக் குலம் கேட்டலுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது.

விதித்தாள் திருத்தி இரு வாரம் செல்லுமுன்னே அதற்கோர் ஆய்வு வந்தது. 2024 டிசம்பர் முதல் நாள், பெரும்புயலை அடுத்த மழையால் அண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வீடொன்றில் எழுவர் உயிர் நீத்தனர். விழுப்புரம் பக்கத்துச் சாலைகளை வெள்ளம் மூடியது. அன்பர் வீட்டில் தங்கியிருந்த குடும்பத்தார் புறப்படவேண்டிய நாள் அது. பகல் 11 மணி கடந்தது. அன்றிரவும் மறுநாளும் அவர்கள் அங்கேயே இருந்தனர். அந்நாட்களுக்கு வாடகை பேசப்படவில்லை. மனைவியார் பின்கட்டு அடுப்பிலேயே அனைவர்க்கும் சோறு வடித்தார். ஒன்பதாவது விதியின் பிற்பகுதியை எழுதிய கை அதனைக் காத்தது.

விதி நெகிழ்ந்தமையால் தீயோர் தலையெடுத்திலரோ எனின், ஒருமுறை தலையெடுத்தனர். ஆறாவது விதிக்கு உடன்பட்டு வந்த இளைஞர் சிலர் முதல் இரவே மதுப்புட்டிகளைத் திறந்தனர். அன்பர் கதவைத் தட்டி, வசைமொழி ஒன்றும் கூறாமல், எஞ்சிய நாளின் பணத்தை எண்ணிக் கையிற் கொடுத்து, வண்டி ஒன்று வருவித்து, அவருள் மயங்கிக் கிடந்தவனைத் தாமே தாங்கி ஏற்றி, வேறு விடுதிக்கு அனுப்பினார். முன்னாளில் இதே செயலுக்கு அவர் வெகுண்டு கத்தியிருப்பார். இப்போது அவர் குரல் உயரவில்லை. ஆயின் கதவு அவர்கட்குத் திறக்கவுமில்லை.

அருளுக்கு இரு கூறு உண்டென்பது சித்தாந்தம். அறக்கருணை அணைத்து ஆள்வது. மறக்கருணை ஒறுத்துத் திருத்துவது. இரண்டும் கருணையே. நள்ளிரவில் மணியோசைக்கு எழுதல் முன்னதன் சாயல். மதுவருந்தினோரை வெளியேற்றுதல் பின்னதன் சாயல். வெகுளியாற் செய்யும் ஒறுத்தல் மறக்கருணையாகாது. அச்சத்தாற் செய்யும் விதியும் அறமாகாது. முதல் விதித்தாள் அச்சத்தாலும் கசப்பாலும் எழுதப்பெற்றது. அதனால்தான் அது தீயோரையும் நல்லோரையும் பிரித்தறியமாட்டாமல், விதியை மதித்த நல்லோரையே மழையில் நிறுத்தியது. தீயோர் விதியை மீறி உள்ளே புகுவர். நல்லோர் விதிக்கு அடங்கி வெளியே நிற்பர். விதி செய்வார் யாவரும் அஞ்சவேண்டிய இடம் இது.

இன்னும் நுணுகி நோக்கின், உயிர்கள் யாவும் இவ்வுலகிற் சின்னாட்குத் தங்க வந்த விருந்தே. தனு கரண புவன போகங்களை அமைத்து, அவற்றில் உயிரை இருத்தி, மலபரிபாகம் எய்தும்வரை புரப்பவன் இறைவன். அவனும் விதி வகுத்துளான்; வினைக்கேற்ற பயன் தவறாது ஊட்டுகின்றான். ஆயின் அவ்விதிகளுள் ஒன்றேனும் தன் நலத்தைக் காத்தற்கென அவன் வகுத்ததன்று. குறைவிலா நிறைவாய் நிற்கும் அவனுக்குக் காத்துக்கொள்ள வேண்டுவது யாதுளது? அவன் விதியெல்லாம் தங்க வந்த உயிரின் ஈடேற்றத்துக்கே. எந்த இரவில் எவ்வுயிர் கூவினும் கேளாது அவன் உறங்குவதும் இல்லை. அவன் தந்த உடலாகிய வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தன் வீட்டுக்கு விதி செய்வோன், அப்பெருவிதியின் சாயலையேனும் தன் தாளிற் படியவைத்தல் கடமையாம்.

இப்போது அவ்வீட்டு வாயிலிற் கண்ணாடிச் சட்டம் இல்லை. ஒன்பது விதியும் ஒரு சிறு தாளில் எழுதப்பெற்று, விருந்தினர் வரும்போது அன்பர் தம் வாயாலேயே சொல்லக் கேட்கப்பெறுகின்றன. சட்டம் நீங்கிய ஆணி மட்டும் சுவரில் இருக்கின்றது. அதனைப் பிடுங்கவேண்டா என்று அன்பர் சொல்லிவிட்டார். 2025-ஆம் ஆண்டு ஐப்பசிப் பௌர்ணமிக்கு அம்முதிய இருவரும் மீண்டும் வந்தனர். மருந்து முன்கட்டுப் பெட்டியிலேயே இருந்தது. அவர்கள் மலைவலம் முடித்து நள்ளிரவு கடந்து திரும்பியபோது திண்ணை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவி கையில் இருந்தும் பெரியவர் மணியை ஒருமுறை அடித்தார். உள்ளிருந்து அன்பர் எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

திருச்சிற்றம்பலம்.